பக்கத்து ட்ரெட்மில்லில் ஒருவர்

பழைய மகாபலிபுரம் சாலையோரம் வரிசையாக எழும்பி நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுள் ஒன்றின் அடித்தளத்தில், வாகனம் நிறுத்துமிடத்தை ஒட்டி, சன்னல் இல்லாத நீண்ட அறை ஒன்று இருக்கிறது. மூன்று ட்ரெட்மில்கள், இரண்டு சைக்கிள்கள், எடை வாரியாக அடுக்கிய டம்பெல்கள், ஒரு பக்கச் சுவர் முழுவதும் நிலைக்கண்ணாடி. எங்கள் அலுவலகத்தின் உடற்பயிற்சிக்கூடம் அது. வார நாட்களில் காலை ஆறரை மணி முதல் எட்டு மணி வரை அங்கே கூடும் எழுவர் நாங்கள். ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். வெவ்வேறு குழுக்களில் வேலை செய்கிறவர்கள். எங்களில் மூவருக்கு இலக்கிய வாசிப்பில் ஈடுபாடு உண்டு என்பதால் இதை எழுதும் பொறுப்பு அவர்களிடம் வந்து சேர்ந்தது. எழுதியதை எழுவரும் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே இங்கே தருகிறோம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உடல்நலம் குறித்த அக்கறை எங்களை அந்த அறைக்குக் கொண்டு சேர்க்கவில்லை. சோழிங்கநல்லூர்ச் சிக்னல்தான் கொண்டு சேர்த்தது. தாம்பரத்திலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் எட்டு மணிக்கு மேல் புறப்பட்டால் பாதி உயிர் சாலையிலேயே போய்விடும். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினால் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்துவிடலாம். அப்படி மிச்சம் பிடித்த நேரத்தை எங்கே செலவிடுவது? கேண்டீன் ஏழரைக்குத்தான் திறக்கும். மேசைக்குப் போனால் வேலை தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொருவராக அடித்தளத்துக்கு இறங்கி வந்தோம்.

நம் புனைகதைகளில் அலுவலக நண்பர்கள் சந்தித்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் தேநீர்க்கடைதான். அங்கே ஆள் என்பது அவனுடைய பேச்சு. அங்கதமாகப் பேசத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். ஜிம்மில் பேச்சுக்கு வழியில்லை, மூச்சு வாங்கும். பத்து ஆண்டுகளாக மின்னஞ்சலில் மட்டுமே அறிந்திருந்த ஒருவரின் முழங்கால் நோவும், ஒருவரின் தொந்தியும், ஒருவரின் இடக்கை வலக்கையைவிட வலுக்குறைந்தது என்பதும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடுகின்றன. கூட்ட அறையில் எவரையும் பேசவிடாத மேலாளர் ஒருவர் பன்னிரண்டாவது தண்டாலில் முகம் தரையில் பட விழுந்து கிடந்ததைப் பார்த்தோம். எவரும் சிரிக்கவில்லை. அவரும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் முதல் தண்டாலிலிருந்து தொடங்கினார். அலுவலகம் முழுவதிலும் ஒருவர் இன்னொருவர் முன்னிலையில் தோற்பது இயல்பாக எடுத்துக்கொள்ளப்படும் ஒரே இடம் அதுதான் என்று அன்று எங்களுக்குத் தோன்றியது. அந்த அறையின் மதிப்பு இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. அந்த மதிப்பை நாங்களே எப்படிக் கெடுத்துக்கொண்டோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பதவி வாசலில் செருப்போடு கழன்று நின்றுவிடுகிறது என்று சொல்லிவிட முடியாது. நடுவில் இருக்கும் ட்ரெட்மில்லுக்கு நேரே குளிர்சாதனம் உண்டு. மேலாளர் வந்தால் அது எப்படியோ காலியாகிவிடும். எடை தூக்கும் இடைவெளியில், 'அந்த ரிலீஸ் என்னாச்சு?' என்று ஒரு கேள்வி வரும். எங்களில் இருவர் பெண்கள் என்றோம். தங்களுக்கு அப்ரைசல் எழுதுகிற ஆணின் முன்னால் வியர்த்து விறுவிறுத்து நிற்பது எளிதான காரியமல்ல என்று அவர்கள் சொன்னபோது, மற்ற ஐவருக்கும் அது அதுவரை தோன்றியதே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எனினும் இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவையாகவே இருந்தன. கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டப்பட்ட அறை 2022இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, எங்களுக்கு ஊர் திரும்பிய மகிழ்ச்சி.

2023இல் நடைப்போட்டி வந்தது.

ஐந்து பேர் ஓர் அணி. எட்டு வாரங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள். கைப்பேசி எண்ணிக்கொடுக்கும். லிஃப்ட்டுக்கு எதிரே பெரிய திரையில் அணிகளின் தரவரிசையும், ஒவ்வோர் அணியின் கீழும் உறுப்பினர் பெயரும் எண்ணிக்கையும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. பின்னர்தான் தேடிப் படித்தோம். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்கு மறுவருடம் ஜப்பானிய நிறுவனமொன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடியெண்ணும் கருவியின் பெயர் 'மான்போ கெய்'. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். எந்த மருத்துவ ஆய்வும் முடிவு செய்து தந்த எண்ணல்ல அது. விற்பனைக்காக வைத்த பெயர், அறுபது ஆண்டுகள் கழித்து எங்கள் லிஃப்ட் வாசலில் நியதியாக நின்றது.

எங்கள் எழுவரில் ஒருவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவின் டீம் லீட். மெல்லிய சுபாவம். அவருடைய அணி ஐந்தாம் வாரத்தில் கடைசி இடத்தில் இருந்தது. 'நம்ம ஆட்கள் ஏன் கடைசியில்?' என்று மேலிடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, இறுதியில் ஒரு சிரிப்புக் குறியோடு. அந்தச் சிரிப்புக் குறியை எப்படி வாசிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவர் எங்களுக்கு முன்பே வந்து ஓடிக்கொண்டிருந்தார். வழக்கமாக ஐந்தரை வேகத்தில் நடப்பவர் ஒன்பதில் ஓடினார். இடது தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது, இரவு சரியாகப் படுக்கவில்லை என்றார். பக்கத்து ட்ரெட்மில்லில் எங்களில் ஒருவர் ஏறினார். அவரும் வேகத்தைக் கூட்டினார். இவரும் கூட்டினார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். திருத்திச் சொல்ல வேண்டும்: அவரைப் பார்க்கவில்லை, அவர் முன்னால் மாறிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'ஆறாயிரம் தாண்டிட்டார்' என்று ஒருவர் சொன்னார். ஒருவர் கைதட்டினார்.

சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். 'சார், அந்த சாருக்கு முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. மிஷினை நிறுத்துங்க சார்' என்றார். நாங்கள் திரும்புவதற்குள் அவரே போய்ச் சிவப்புக் கயிற்றைப் பிடுங்கி இழுத்தார். இயந்திரம் நின்றது. அவர் சரிந்து உட்கார்ந்தார்.

பிழைத்துக்கொண்டார். மருத்துவமனை அதே சாலையில் இருந்தது, மணி ஏழுகூட ஆகவில்லை, சாலை காலியாக இருந்தது. இதயத் தமனியில் அடைப்பு. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது. லிஃப்ட் எதிரே இருந்த திரையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அதற்கு எதிரே ஒவ்வொரு நாளும் பூஜ்யம் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குப் பதில் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ள விதியில் இடமுண்டா என்று அவருடைய அணியில் ஒருவர் விசாரித்தார். ஒன்பதாம் நாள்தான் பெயரை எடுத்தார்கள். அந்த ஒன்பது நாட்களும் நாங்கள் லிஃப்ட்டுக்காக அங்கேதான் நின்றோம்.

*

நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமல்ல. அடைப்பு அவருடைய தமனியில் பல ஆண்டுகளாக வளர்ந்து வந்தது. போட்டி அதை உண்டாக்கவில்லை என்று மருத்துவர் சொன்னார். அந்தப் போட்டியினால்தான் தாம் நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சொல்பவர்களும் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். எழுவரில் ஒருவருக்கும் அதே கருத்துதான். நாங்கள் கேட்பது வேறு கேள்வி. உடற்பயிற்சிக்கூடம் எதற்காக என்று நிறுவனங்கள் சொல்கின்றனவோ, அது உண்மையில் நிகழ்கிறதா?

உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டிய முதல் பெரிய ஆய்வு ஒரு பணியிடத்தில்தான் நடந்தது. ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய சகாக்களும் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஆய்வுக்கு உட்பட்ட போக்குவரத்துப் பணியாளர்கள் ஏறக்குறைய 31,000 பேர். ஒரே பேருந்து, ஒரே ஊர், ஒரே வேலை நேரம். ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்ததாகவும் இருந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஒரு நீதிக்கதை. மாரிஸ் நிற்கவில்லை. 1956இல் அவர்கள் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிது, வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே. ஆக, வேலை ஆளை ஆக்கியதா, ஆள் வேலையைத் தேர்ந்துகொண்டாரா என்ற கேள்வியும் அந்த ஆய்வோடு சேர்ந்தே பிறந்துவிட்டது.

அறுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள். 2016இல் தொடங்கிய ஆய்வு. பல்கலைக்கழக ஊழியர்கள் ஐயாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பணியிட நலத் திட்டத்தைத் தந்தார்கள். முடிவுகள் 2019இல் வெளியாயின. திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட அடிக்கடி ஜிம்முக்குப் போனார்கள், மருத்துவத்துக்குக் குறைவாகச் செலவழித்தார்கள். ஆனால் அவர்கள் முன்பிருந்தே அப்படிப்பட்டவர்கள். திட்டம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் மொத்தமாக ஒப்பிட்டபோது மருத்துவச் செலவிலோ ஜிம்முக்குப் போவதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டே மாற்றங்கள் தெரிந்தன. பரிசோதனை செய்துகொண்டவர்கள் கூடியிருந்தார்கள். நிர்வாகம் நம் நலனில் அக்கறை கொண்டிருக்கிறது என்று நம்பியவர்களும் கூடியிருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான இன்னொரு பெரிய ஆய்வும், சில்லறை வணிக நிறுவனமொன்றின் 160 பணியிடங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றரை ஆண்டின் முடிவில் எடையிலோ இரத்த அழுத்தத்திலோ வேலைக்கு வராத நாட்களிலோ மாற்றமில்லை என்றே சொன்னது.

உடற்பயிற்சி பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. பயிற்சி செய்கிற உடலுக்குப் பலன் உண்டு. பணியிடத்தில் ஒரு ஜிம் கட்டித் திரையில் எண் ஓட்டினால் ஊழியர் கூட்டம் ஆரோக்கியமாகிவிடும் என்ற கணக்குத்தான் பொய்க்கிறது. அந்தக் கணக்கு பொய்க்கும்போது நம் கையில் மிஞ்சுவது, நிர்வாகம் அக்கறை கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை. நம்பிக்கை வேண்டியதுதான். ஆனால் அன்று காலை எங்கள் நண்பரின் முகத்தைப் பார்த்தது அந்த நம்பிக்கையல்ல.

ட்ரெட்மில்லின் வரலாற்றை ஓரிரு வரிகளில் நினைவுகூரலாம். 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கைதிகளுக்காக மிதிசக்கரத்தை வடிவமைத்தார். ஆஸ்கர் வைல்ட் 1895இல் சிறையில் அதை மிதித்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் ஓடுபட்டையில் நோயாளிகளை நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்கும் முறையை உருவாக்கினார். நம் ஊரில் டி.எம்.டி. எடுத்தவர்கள் எல்லாரும் அவர் வகுத்த படிநிலைகளில் ஏறியவர்களாகவே இருக்கக்கூடும். தண்டனையாகவும் சோதனையாகவும் இருந்திருக்கிறது இந்தப் பொருள். இரண்டிலும் பக்கத்தில் ஒருவர் நின்று கவனித்துக்கொண்டிருப்பார். சிறையில் காவலர், மருத்துவமனையில் மருத்துவர். காவலர் எண்ணிக்கையைக் கவனிப்பார், மருத்துவர் ஆளைக் கவனிப்பார். அலுவலக ஜிம்மில் பக்கத்தில் நிற்கும் சகா இந்த இருவரில் யாராக இருக்கிறார் என்பதுதான் கேள்வி. அன்று நாங்கள் காவலர்களாக இருந்தோம்.

*

நண்பர் திரும்பி வந்த பிறகு நாங்கள் அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பினோம். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. தினமும் அவர் துடைத்து வைக்கும் இயந்திரங்களில் ஏற அவருக்கு அனுமதியில்லை. அவருடைய அட்டை அந்தக் கதவைத் திறப்பது துடைப்பதற்காக மட்டும். இது எங்களுக்கு உறுத்தியது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஜிம்மைத் திறந்துவிட வேண்டும் என்று ஹெச்.ஆருக்கு மனு எழுதி, எழுவரும் கையெழுத்திட்டு, கொடுப்பதற்கு முன் அவரிடம் காட்டினோம். எங்கள் பெருந்தன்மை எங்களுக்கே பிடித்திருந்தது.

அவர் சிரித்துவிட்டார். 'எனக்கெதுக்கு சார் இதெல்லாம்? செம்மஞ்சேரியிலேர்ந்து பஸ்ஸுக்கு நடந்து, அப்புறம் எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே கெடக்குறேன். உட்கார ஒரு சேர் போடச் சொல்லுங்க, போதும்.'

2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. கேரளத்தில் 2018இலேயே அது வந்துவிட்டது. செய்தி வந்தபோது தியாகராய நகர்த் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களை நினைத்து நாங்களும் மகிழ்ந்தோம், முகநூலில் எழுதினோம். நாங்கள் ஓடிக் களைத்து உட்காரும் அறையில், எங்களுக்கு மூன்றடி தள்ளி, உட்கார இடமில்லாமல் ஒருவர் நின்றுகொண்டிருந்தது எங்கள் கண்ணில் படவில்லை. வேலையின் பொருட்டு ஓய்வின்றி நிற்பதும் சுமப்பதும், விரும்பிச் செய்யும் பயிற்சி தருகிற நன்மையைத் தருவதில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மாரிஸின் நடத்துநருக்குப் படியேறிய பின் நிறுத்தங்களுக்கிடையே ஒரு மூச்சு இருந்திருக்கும். அக்காவின் உடலுக்குத் தேவைப்பட்டது மேலும் அசைவு அல்ல, அசையாமல் இருக்க ஒரு கால் மணி நேரம்.

மனுவைத் திருத்தி எழுதினோம். மூன்று கோரிக்கைகள். தனியாட்களின் எண்ணிக்கையைப் பொதுத் திரையில் காட்டும் எந்தப் போட்டியும் இனி வேண்டாம். யார் எவ்வளவு ஓடினார் என்பது அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் உரிய செய்தி. இரண்டாவது, நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஜிம்மில் சேரும் முன் இதயப் பரிசோதனை, நிறுவனத்தின் செலவில். மேலே சொன்ன ஆய்வில் கூடியதாகத் தெரிந்த இரண்டில் பரிசோதனையும் ஒன்று என்பதை இதற்கு ஆதாரமாகக் காட்டினோம். மூன்றாவது, அடித்தளத்தில் பணிபுரியும் அனைவருக்கும் நாற்காலியும், அதில் உட்கார்ந்தால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற எழுத்துபூர்வமான உறுதியும். இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்க்கச் சொன்னவர் அக்காதான். 'சேர் போட்டுருவாங்க சார். உட்கார்ந்தாத்தான் வைவாங்க.'

முதல் கோரிக்கை ஏற்கப்பட்டது. இரண்டாவது பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவதில் பாதி நிறைவேறியது. கதவுக்குப் பின்னால் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. எழுத்துபூர்வமான உறுதி வரவில்லை. ஒப்பந்ததாரரைக் கேட்க வேண்டுமாம். காலை ஏழு மணிக்கு நாங்கள் இருக்கும்போது அக்கா அதில் உட்காருகிறார். நாங்கள் போன பிறகு உட்காருகிறாரா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதை இப்போதெல்லாம் ஒரு குறையாக உணர்கிறோம்.

நண்பர் இப்போது நடு ட்ரெட்மில்லில் ஐந்து வேகத்தில் நடக்கிறார். மருத்துவர் சொன்ன அளவு அது. ஏறியதும் இயந்திரத்தின் எண் பலகைமீது துண்டைப் போர்த்திவிடுகிறார். முதலில் அவர் மட்டும் செய்தார். இப்போது எழுவரும் செய்கிறோம். ஆரம்பத்தில் அக்கா அவற்றைத் துவைக்கப் போட்ட துண்டுகள் என்று எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார். விஷயத்தைச் சொன்னதும், 'நல்லதுதான் சார். அதைப் பார்க்காம இருந்தா பக்கத்துல யாருன்னாவது தெரியும்' என்றார்.